பின்னணிச் சேவைகளை ஸ்கிரிப்ட் வழியாகப் பட்டியலிடுவதும் கண்காணிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரையோரம் முழுவதும் மீன் கொள்முதல் கம்பெனிகளிலும் ஐஸ் பிளாண்டுகளிலும் கணினியைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவரே கணக்கும் எழுதுவார், பிரிண்டரில் சிக்கிய தாளையும் எடுப்பார். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் விண்டோஸ்தான் ஓடுகிறது என்பதால் அதோடு வரும் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை வைத்தே விளக்கியிருக்கிறேன்; லினக்ஸுக்கு இறுதிக்குச் சற்று முன்னால் ஒரு பதில் உண்டு. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

பின்னணிச் சேவை என்பது எது? சாதாரண நிரலிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

எக்செல் போன்ற நிரல் நாம் திறந்தால் ஓடும், மூடினால் நின்றுவிடும். சேவை அப்படியன்று, யாரும் உள்நுழையாமலேயே, கணினி இயங்கத் தொடங்கும்போது தானும் தொடங்கி, திரையில் எந்தச் சாளரமும் காட்டாமல் வேலை செய்துகொண்டிருக்கும். அச்சுக்கு அனுப்பிய பில்லை வரிசையில் வைப்பது, கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்தை நடத்துவது, எடைமேடையிலிருந்து வரும் எண்ணை வாங்கிக் கோப்பில் எழுதுவது ஆகியவை எல்லாம் சேவைகளின் வேலைகள். கண்ணில் படாமல் ஓடுவதால் அவை நிற்பதும் கண்ணில் படுவதில்லை, கண்காணிக்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

சர்வீசஸ் சாளரத்தைத் திறந்து பார்த்தால் போதாதா? ஸ்கிரிப்ட் எதற்கு?

ஒருமுறை பார்ப்பதற்குச் சாளரம் போதும். ஆனால் ஒரு சாதாரணக் கணினியில் இருநூறுக்கும் மேற்பட்ட சேவைகள் இருக்கும். அவற்றில் நமக்கு வேண்டியவை ஐந்தோ ஆறோ. விடியற்காலை நான்கு மணிக்குப் படகுகள் கரை சேர்ந்து, ஏலம் நடந்து, எடை போட ஆள் வரிசையில் நிற்கும் நேரத்தில் யாரும் அந்தப் பட்டியலை உருட்டிக்கொண்டிருக்க முடியாது. ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு, அந்த ஆறை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, மாறுதல் இருந்தால் மட்டும் சொல்லும். அதைவிடப் பெரிய பயன், நேற்று இரவு எத்தனை மணிக்கு எது நின்றது என்ற பதிவு கையில் இருப்பது.

பட்டியலிடத் தொடங்குவது எப்படி?

பவர்ஷெல்லைத் திறந்து கெட்-சர்வீஸ் என்று தட்டினால் நிலை, பெயர், காட்சிப்பெயர் ஆகிய மூன்று பத்திகளில் எல்லாச் சேவைகளும் வரும். 2006இல் முதற்பதிப்பு வந்தபோதிலிருந்தே பவர்ஷெல்லின் தனிச்சிறப்பு, அது வெறும் எழுத்தாக அல்லாமல் பண்புகளோடு கூடிய பொருள்களாக விடையைத் தருவதுதான். ஆகவே திரையில் தெரியும் எழுத்தை வெட்டிப் பிரிக்க வேண்டிய தேவை இல்லை. அந்த விடையை | குறியால் வேர்-ஆப்ஜெக்ட் என்ற வடிகட்டும் கட்டளைக்கு அனுப்பி, நிலை 'ஸ்டாப்டு' ஆகவும் தொடக்கவகை 'ஆட்டோமேட்டிக்' ஆகவும் இருப்பவற்றை மட்டும் கேட்கலாம்.

பெயரில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். சாளரத்தில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்று தெரிவது காட்சிப்பெயர். அதன் உண்மையான பெயர் 'ஸ்பூலர்' மட்டுமே. காட்சிப்பெயர் விண்டோஸின் மொழியைப் பொறுத்து மாறும் என்பதால் ஸ்கிரிப்டில் எப்போதும் உண்மைப் பெயரையே எழுதுங்கள்.

எந்தப் பயனர் கணக்கின் பெயரில் ஓடுகிறது, எந்தக் கோப்பிலிருந்து ஓடுகிறது, அதன் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ப்ராசஸ்) எண் என்ன, கடைசியாக எந்தக் குறியீட்டோடு நின்றது என்பன தெரிய வேண்டுமானால் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளையில் வின்32_சர்வீஸ் என்ற வகையைக் கேட்க வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டோடும் வருகிற 5.1 பதிப்பிலேயே இது வேலை செய்யும். புதிதாக எதையும் நிறுவ வேண்டாம்.

தானாகத் தொடங்க வேண்டிய சேவை நின்றிருந்தால் அது பழுதுதானே?

எப்போதும் அல்ல. இந்த ஒரு புரிதல் இல்லாமல் எழுதிய கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள் நாள் முழுவதும் பொய் எச்சரிக்கை கொடுத்து, இரண்டாம் வாரமே நிறுத்தப்பட்டுவிடுகின்றன. விண்டோஸின் உரிமத்தைச் சரிபார்க்கும் சேவையும் எட்ஜ் உலாவியைப் புதுப்பிக்கும் சேவையும் தேவைப்படும்போது எழுந்து, வேலை முடிந்ததும் தாமாகவே படுத்துக்கொள்பவை. 'தாமதத் தொடக்கம்' என்று குறிக்கப்பட்டவை மற்றவை தொடங்கிய பிறகு ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்தே தொடங்கும், 5.1 பதிப்பின் கெட்-சர்வீஸ் இவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. எனவே கணினி எழுந்து ஐந்து நிமிடம் ஆகும்வரை ஸ்கிரிப்ட் எதையும் சொல்லாமல் இருப்பது நல்லது.

நின்றதற்கான காரணத்தை அறிய, மேலே சொன்ன வின்32_சர்வீஸ் தரும் எக்சிட்கோட் என்ற எண்ணைப் பாருங்கள். 0 என்றால் முறைப்படி நின்றது. 1077 என்றால் கணினி எழுந்ததிலிருந்து அதை யாரும் தொடங்கவே முயலவில்லை. 1067 என்றால் செயல்முறை எதிர்பாராமல் செத்துவிட்டது. எச்சரிக்க வேண்டியது இதற்குத்தான். 1066 வந்தால் அந்த மென்பொருள் தனக்கே உரிய பிழை எண்ணை வேறொரு பண்பில் எழுதியிருக்கும். அதன் பொருளை மென்பொருளைத் தந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

'ரன்னிங்' என்றே காட்டுகிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. ஏன்?

எனக்கு வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது. இதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

மண்டபத்தில் ஒரு கொள்முதல் கம்பெனியில் எடைமேடை யூஎஸ்பி மாற்றி வழியாகக் கணினியோடு இணைக்கப்பட்டிருந்தது. ஒரு சிறிய சேவை, எடைமேடை அனுப்பும் எண்ணை வாங்கி, நேரத்தோடு ஒரு கோப்பில் வரி வரியாக எழுதும். ஒருநாள் அதிகாலையில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. யுபிஎஸ் கணினியைத் தாங்கிக்கொண்டது. எடைமேடையும் மாற்றியும் யுபிஎஸ்ஸில் இல்லாததால் அவை அணைந்து எழுந்தன. மேடையில் நண்டுக் கூடையை வைத்தால் சிவப்பு எண்களில் 12.450 என்று தெரிகிறது, பிறகு 9.800, பிறகு 14.250. எழுத வேண்டிய சேவையோ, அறுந்துபோன பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு, எண் வருமென்று காத்திருக்கிறது. நான் எழுதிக் கொடுத்திருந்த ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து 'ரன்னிங்' என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. விடிந்து கணக்குப்பிள்ளை பில் போட உட்கார்ந்தபோதுதான் கோப்பின் கடைசி வரி 3 மணி 52 நிமிடத்தோடு நின்றிருப்பது தெரிந்தது. அதன் பிறகு வந்த கூடைகளுக்கு எடை போட்ட பையனின் நினைவும், நண்டு கொண்டுவந்தவர்களின் வாய்ச்சொல்லுமே சான்று. வலையிலிருந்து நண்டைக் கழித்துக் கொண்டுவந்த பெண்கள் தங்கள் கூடைக்கு எவ்வளவு என்று கேட்டு நின்றதை நான் பார்த்தேன். தவறு என் ஸ்கிரிப்டினுடையது.

விண்டோஸ் 'ரன்னிங்' என்று சொல்வதற்குப் பொருள் ஒன்றுதான்: அந்தச் சேவை "நான் ஓடுகிறேன்" என்று கடைசியாகத் தெரிவித்தது, அதன் செயல்முறை இன்னும் சாகவில்லை. உள்ளே வேலை நடக்கிறதா என்பது விண்டோஸுக்குத் தெரியாது. ஆகவே நிலையோடு சேர்த்து, அந்தச் சேவை விட்டுச்செல்லும் தடத்தையும் பாருங்கள். கோப்பில் எழுதும் சேவையென்றால், கெட்-ஐட்டம் வழியாகக் கோப்பின் லாஸ்ட்ரைட்டைம் என்ற பண்பை எடுத்து, இப்போதைய நேரத்திலிருந்து கழித்துப் பாருங்கள். எடை நடக்கும் மணிகளில் அது 20 நிமிடத்தைத் தாண்டினால் ஏதோ கோளாறு. வலையமைப்பில் பதில் சொல்லும் சேவையென்றால் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையால் அதன் துறை (போர்ட்) திறந்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். தரவுத்தளமென்றால் ஒரு சிறிய வினவலை அனுப்பி விடை வருகிறதா என்று பாருங்கள். அச்சு வரிசையென்றால், பத்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் கிடக்கும் வேலை உண்டா என்று கெட்-பிரிண்ட்ஜாப் சொல்லும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது? எப்போது எச்சரிப்பது?

இங்குள்ள வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். முடிவில்லாமல் சுழலும் ஸ்கிரிப்டை எழுதாதீர்கள். அது செத்தால் கேட்பாரில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு முடிந்துபோகும் ஸ்கிரிப்டை எழுதி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் கண்ட நிலையை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்து, அடுத்த ஓட்டம் அதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் பதிவேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். எச்சரிக்கையை அடுத்தடுத்து இரண்டு முறை பழுது தெரிந்த பிறகே அனுப்புங்கள். ஒரு சேவை மறுதொடக்கத்தின் நடுவே 'ஸ்டார்ட் பெண்டிங்' நிலையில் இருக்கும் கணத்தில் நாம் பார்த்துவிடுவது உண்டு. சேவைக்கு மொத்தம் ஏழு நிலைகள் இருக்கின்றன. ஓடுவது, நிற்பது ஆகிய இரண்டை மட்டும் எண்ணி எழுதிய ஸ்கிரிப்ட் அந்த இடைநிலைகளில் தடுமாறும்.

நின்ற சேவையை ஸ்கிரிப்டே மீண்டும் தொடங்கிவிடலாமா?

முதலில் விண்டோஸிலேயே உள்ள வசதியைப் பயன்படுத்துங்கள். சேவையின் பண்புகளில் 'ரெகவரி' என்ற தாவலில் முதல் தோல்வி, இரண்டாம் தோல்வி, அடுத்த தோல்விகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று குறிக்கலாம். ஆனால் இது பொதுவாகச் செயல்முறை செத்தால்தான் வேலை செய்யும். மேலே சொன்ன எடைமேடைச் சேவையைப் போல உயிரோடு உறைந்திருப்பதற்கு இது உதவாது. அதற்கு ஸ்கிரிப்டிலிருந்து ரீஸ்டார்ட்-சர்வீஸ் கொடுக்கலாம்.

தரவுத்தளச் சேவையை மட்டும் தானாகத் தொடங்க விடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. மின்தடைக்குப் பிறகு தரவுத்தளம் தன் பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, நேரம் ஆகிறதே என்று ஸ்கிரிப்ட் அதை இடித்து எழுப்பினால் இருக்கிற தரவும் கெடலாம். அங்கே ஸ்கிரிப்ட் ஆளைக் கூப்பிட்டால் போதும். மற்ற சேவைகளிலும் ஒரு மணி நேரத்துக்கு மூன்று முறைக்கு மேல் முயலக் கூடாது என்று வரம்பு வையுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று: "ஷட் டவுன் பண்ணிப் போட்டேன், அப்படியும் சரியாகவில்லை" என்று பலர் சொல்கிறார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது சேவைகள் ஓடும் அடிப்பகுதி முழுதாக மூடப்படாமல் வட்டில் உறையவைக்கப்பட்டு, மறுபடி எழும்போது அப்படியே திரும்பி வரும். உண்மையாகவே புதிதாகத் தொடங்க வேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்.

கரண்ட் போனால் கண்காணிக்கும் ஸ்கிரிப்டும் சேர்ந்து நின்றுவிடுமே?

ஆம். தன் சாவைத் தானே அறிவிக்க எந்த ஸ்கிரிப்டாலும் முடியாது. ஆகவே ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இன்னொரு கணினியின் பகிர்வுக் கோப்புறையில் இப்போதைய நேரத்தை ஒரு வரியாக எழுதச் செய்யுங்கள். அந்த இன்னொரு கணினியில் ஓடும் சிறு ஸ்கிரிப்ட், அந்த நேரம் 15 நிமிடத்துக்கு மேல் பழையதானால் கூவட்டும். இரண்டு கணினிகளும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால் இந்த ஏற்பாட்டால் பயனில்லை; அலுவலக அறையில் ஒன்று, ஐஸ் பிளாண்டில் ஒன்று என்று பிரித்து வையுங்கள்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் முழுதாகப் போய் வரும்போது தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். அப்போது கோப்பின் வயது எதிர்மறை எண்ணாக வரும்; "20 நிமிடத்துக்கு மேல்" என்ற சோதனை ஒருபோதும் நிறைவேறாது, ஸ்கிரிப்டும் வாய் திறக்காது. வயது 0க்குக் கீழே போனால் அதையும் பழுதாகவே கொள்ளும்படி ஒரு வரி சேருங்கள்.

நடந்து முடிந்ததைத் தேட எந்த நிகழ்வு எண்களைப் பார்ப்பது?

விண்டோஸ் தன் பதிவேட்டில் ஒவ்வொரு நிகழ்வையும் ஓர் எண்ணோடு எழுதும். கெட்-வின்ஈவென்ட் கட்டளையில் சிஸ்டம் பதிவேட்டைக் கேட்டு, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் பகுதியான சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் எழுதியவற்றை மட்டும் வடிகட்டுங்கள். 7031, 7034 ஆகியவை எதிர்பாராமல் செத்ததைச் சொல்லும். 7000 என்றால் தொடங்க முடியவில்லை. 7009 என்றால் 30,000 மில்லிநொடிக்குள், அதாவது அரை நிமிடத்துக்குள், சேவை பதில் சொல்லவில்லை. பழைய வன்தட்டு உள்ள கணினிகளில் மின்தடைக்குப் பிறகு இது அடிக்கடி தென்படும். 7040 தொடக்கவகையை யாரோ மாற்றியதைக் குறிக்கும். 7045 புதிய சேவை ஒன்று நிறுவப்பட்டதைக் குறிக்கும். நீங்கள் எதையும் நிறுவாத நாளில் இந்த எண் வந்திருந்தால் அன்றே விசாரியுங்கள், தீய நிரல்கள் நுழைந்து தங்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

எஸ்சி கட்டளையைத் தட்டினேன், ஒன்றுமே வரவில்லை. ஏன்?

எஸ்சி என்பது சேவைகளைக் கையாளும் பழைய விண்டோஸ் கட்டளை. ஆனால் பவர்ஷெல் 5.1இல் எஸ்சி என்பது கோப்பில் எழுதும் செட்-கண்டென்ட் கட்டளையின் சுருக்கப்பெயர். "எஸ்சி குவெரி ஸ்பூலர்" என்று தட்டினால் சேவையைக் கேட்காமல், 'குவெரி' என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி அதில் 'ஸ்பூலர்' என்று எழுதிவிடும். எஸ்சி டாட் இஎக்ஸ்இ என்று முழுப்பெயரையும் தட்டுங்கள்.

ஸ்கிரிப்ட் கையால் ஓடுகிறது; ஷெட்யூலரில் போட்டால் எச்சரிக்கைச் சாளரம் வருவதில்லை. ஏன்?

'சிஸ்டம்' என்ற விண்டோஸின் சொந்தப் பயனர் கணக்கில் ஓடும் வேலை, விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே, பயனரின் திரைக்குத் தொடர்பில்லாத தனி அமர்வில் ஓடுகிறது. அங்கே திறக்கும் சாளரத்தை யாரும் பார்க்க முடியாது. எனவே எச்சரிக்கையை மின்னஞ்சலாகவோ கைபேசிக்குப் போகும் செய்தியாகவோ அனுப்புங்கள். ஸ்கிரிப்டே ஓட மறுத்தால், எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று தீர்மானிக்கும் எக்சிகியூஷன் பாலிசி என்ற அமைப்பைப் பாருங்கள். அதை 'ரிமோட்சைன்டு' என்று வைத்தால் நீங்களே எழுதிய ஸ்கிரிப்டுகள் ஓடும்.

தொண்டியில் உள்ள கணினியை ராமநாதபுரத்திலிருந்து பார்க்க முடியுமா?

இரண்டுக்கும் இடையே பாதுகாப்பான விபிஎன் இணைப்பு இருந்தால் முடியும். அந்தக் கணினியில் எனேபிள்-பிஎஸ்ரிமோட்டிங் கொடுத்துவிட்டு, இங்கிருந்து இன்வோக்-கமாண்ட் வழியாகக் கெட்-சர்வீஸை அனுப்பலாம். 5985 என்ற துறை இதற்குப் பயன்படுகிறது. அந்தத் துறையை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கக் கூடாது. பழைய குறிப்புகளில் கெட்-சர்வீஸோடு கம்ப்யூட்டர்நேம் சேர்ப்பதைக் காண்பீர்கள். பவர்ஷெல் 7இல் அந்த வசதி இல்லை.

லினக்ஸில் இதை எப்படிச் செய்வது?

பவர்ஷெல் லினக்ஸிலும் ஓடும் என்றாலும் அங்கே கெட்-சர்வீஸ் கிடையாது. 2010இல் வெளிவந்து இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியிடம்தான் கேட்க வேண்டும். சிஸ்டம்சிடிஎல் கட்டளையோடு, முன்னால் இரண்டு சிறுகோடு இட்டு, '--ஃபெயில்டு' என்று சேர்த்தால் வீழ்ந்தவை மட்டும் வரும். 'இஸ்-ஆக்டிவ்' என்று கேட்டால் ஓடும் சேவைக்கு 0 என்ற வெளியேற்ற எண் கிடைக்கும், ஆகவே பைத்தானிலிருந்தோ பாஷிலிருந்தோ எழுத்தைப் படிக்காமலேயே முடிவு செய்யலாம். விண்டோஸில் பைத்தானை விரும்புபவர்களுக்குப் பிஎஸ்யூடில் என்ற நூலகம் சேவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும்.

சிஸ்டம்டியில் எனக்குப் பிடித்தது 'வாட்ச்டாக்செக்' என்ற அமைப்பு. குறித்த நொடிகளுக்குள் சேவை "வேலை நடக்கிறது" என்று தானாகச் சொல்லாவிட்டால், உறைந்ததாகக் கருதிச் சிஸ்டம்டி அதைக் கொன்றுவிடும். மறுதொடக்க அமைப்பும் எழுதியிருந்தால் மீண்டும் எழுப்பும். இதற்குச் சேவையின் நிரலிலேயே ஓரிரு வரிகள் சேர்க்க வேண்டும். மண்டபத்து எடைமேடைச் சேவையையும் அண்மையில் இதே எண்ணத்தைப் பின்பற்றி மாற்றி எழுதினோம்: எடைமேடையோடு பேசி விடை வந்தால் மட்டுமே அது தன் இருப்பைத் தெரிவிக்கும்.

தடைக்காலத்தில் கணினியை இரண்டு மாதம் அணைத்து வைக்கிறோம். திறக்கும்போது என்ன பார்ப்பது?

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பதால், இறால் வாங்கும் கம்பெனிகள் பலவும் அந்தக் காலத்தில் பூட்டியே கிடக்கின்றன. அணைப்பதற்கு முந்திய நாளே, எல்லாம் சரியாக ஓடும்போது, சேவைகளின் பெயர், நிலை, தொடக்கவகை ஆகிய மூன்றையும் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி வழியாக ஒரு கோப்பில் எடுத்து, பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் படகுகள் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கணினியைத் திறந்து, முதலில் தேதியைச் சரிபார்த்து, விண்டோஸ் புதுப்பிப்புகள் முடியும்வரை பொறுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் அதே பட்டியலை எடுத்து, இரண்டையும் கம்பேர்-ஆப்ஜெக்ட் வழியாக ஒப்பிடுங்கள். காணாமற்போனவை, புதிதாக வந்தவை, தொடக்கவகை மாறியவை ஆகியவை மட்டும் திரையில் வரும். பிறகு எடைமேடையில் தெரிந்த எடையுள்ள கல் ஒன்றை வைத்து, கோப்பில் அந்த வரி விழுகிறதா என்று பாருங்கள். அடுத்து, எடைமேடையின் மின்செருகியைப் பிடுங்கி மீண்டும் செருகி, அதே கல்லை இன்னொருமுறை வையுங்கள். இரண்டாவது வரியும் விழ வேண்டும்.